எடைக்குப் போட்ட ஜகன்மோகினி

கே.கே. நகர் வீட்டுக்குக் குடிவந்த புதிதில், அம்மாவின் டிரங்குப் பெட்டியில் பைண்டு செய்த 'ஜகன்மோகினி' இதழ்கள் இருந்தன. 'எழுத்து'வின் பழைய பிரதிகளைத் தேடி அலைந்துகொண்டிருந்தவன் நான். அம்மா கோவிலுக்குப் போன நேரம் பார்த்துப் பழைய பேப்பர்காரரிடம் அவற்றை எடைக்குப் போட்டேன். வீட்டில் இடமில்லை என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில், இலக்கிய நண்பர்கள் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்பதுதான் கவலை.

வை.மு. கோதைநாயகி அம்மாளை அதுவரை நான் ஒரு பக்கம்கூடப் படித்ததில்லை. ஆனால் அபிப்பிராயம் இருந்தது. (நம்மில் பலருக்கும் இது பழக்கம்தான்.)

1901-ல் பிறந்தவர். ஐந்தரை வயதில் கல்யாணம். கதை கட்ட வந்தபோது தமிழ் எழுத வராது. 'இந்திரமோகனா' நாடகத்தை அவர் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதினார். எழுதக் கற்றது பிறகுதான். 1925-ல் 'ஜகன்மோகினி'யை ஏற்று, தன் முதல் நாவலான 'வைதேகி'யை அதில் தொடராக வெளியிட்டார். துப்பறியும் கதை, குடும்பக் கதை என்று நூற்றுக்கும் மேல் எழுதினார். சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்குப் போனார். 1960-ல் இறந்தார்.

பல வருஷம் கழித்து, அம்மாவுக்குக் கண்ணில் புரை விழுந்திருந்த சமயம், மின்சாரம் போன ஓர் இரவில் அந்த நாவல்களில் ஒன்றைச் சொன்னாள். பெயர் மறந்துபோயிருந்தது, கதை மறக்கவில்லை. வண்டியூர்க் கண்மாய்ப் பக்கமிருந்து தவளைச் சத்தம். நடுவில் எழுந்துபோய்க் கொல்லைக் கதவின் தாழ்ப்பாளைத் தடவிப் பார்த்துவிட்டு வந்து தொடர்ந்தாள். எனக்கு உடம்பு சில்லிட்டது. வாயால் சொல்லிப் பிறந்த எழுத்து அது. காதால் கேட்டபோதுதான் எனக்குப் பிடிபட்டது. அவரைப் பெரிய கலைஞர் என்று நிறுவ நான் வரவில்லை. பிரசங்கம் நிறையவே உண்டு.

ஆங்கிலத்தில் அச்சக் கதைகளின் முன்னோடி ஆன் ராட்கிளிஃப். 1794-ல் வந்த அவருடைய 'உடால்ஃபோவின் மர்மங்க'ளில் அமானுஷ்யங்களுக்கெல்லாம் கடைசியில் காரணம் கிடைத்துவிடுகிறது. பெண்ணின் சொத்தைக் குறிவைத்து அவளை அடைத்துவைக்கும் ஆண் மட்டும் நிஜமாகவே மிஞ்சுகிறான். 1797-க்குப் பின் 1823-ல் சாகும்வரை அவர் நாவல் எதையும் வெளியிடவில்லை. பைத்தியமாகிவிட்டார் என்றுகூடப் பேசிக்கொண்டார்கள். கவிஞர் கிறிஸ்டினா ரொசெட்டி அவர் வாழ்க்கையை எழுத முயன்று, ஆதாரங்கள் கிடைக்காமல் 1883-ல் கைவிட்டார்.

ஆதாரங்கள் எப்படிக் கிடைக்காமல் போகின்றன என்பது எனக்குத் தெரியும்.

அன்று கோவிலிலிருந்து வந்த அம்மா, திறந்திருந்த பெட்டியைப் பார்த்தாள். எத்தனை கிலோ இருந்தது என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். பணத்தை நீட்டினேன். எண்ணாமல் முந்தானையில் முடிந்துகொண்டு உலை வைக்கப் போனாள்.