மீதி பூச்சியமாகும் வரை

சென்ற வருடம் நோன்புக்கு முந்திய வாரம் என் சாச்சி மௌத்தானார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. பெற்றோர் முன்னரே காலமாகிவிட்டார்கள், சகோதரர்களும் இல்லை. சாச்சாவும், கூடப்பிறந்தவர்களான என் உம்மாவும் பெரியம்மாவும்தான் வாரிசுகள். கிண்ணியாவில் சாச்சியின் பெயரில் 35 பேர்ச் காணி இருந்தது. (இதை எழுதலாமா என்று உம்மாவிடம் கேட்டேன். "காணிச் சண்டை எண்டு மட்டும் எழுதிராத" என்றார். சண்டை இல்லைதான். ஆனால் இரண்டு மாதமாகச் சாச்சா எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.)

பிள்ளையில்லாத மனைவியின் சொத்தில் கணவருக்கு அரைவாசி. சகோதரிகள் இருவர் இருந்தால் அவர்களுக்கு மூன்றில் இரண்டு. இரண்டுமே குர்ஆனில் உள்ள பங்குகள். அரைவாசி தனக்கு என்று சாச்சா சொன்னார். மூன்றில் இரண்டு எங்களுக்கு என்று பெரியம்மா சொன்னார். கணினி சொன்னால் யாரும் யாரோடும் கோபிக்க மாட்டார்கள் என்று நான் நினைத்தேன்.

அப்போதுதான் உயர்தர வகுப்பில் பைதன் மொழி படிக்கத் தொடங்கியிருந்தோம். பராயிள் பங்குகளான 1/2, 1/4, 1/8, 2/3, 1/3, 1/6 எல்லாம் 24ஐப் பொதுப் பகுதியாக வைத்தால் முழு எண்களாகிவிடும்: 12, 6, 3, 16, 8, 4. எனவே மீதியை 24இல் தொடங்கினேன். வாரிசுகள் ஒவ்வொருவரின் பங்கையும் அதிலிருந்து கழிக்க வேண்டும். முடிந்தபின் மீதி பூச்சியமில்லை என்றால், அதைப் பெறக்கூடியவர் யாரும் உண்டா என்று பட்டியலை மறுபடி பார்க்க வேண்டும். மீதி பூச்சியமாகும் வரை இதையே திரும்பத் திரும்பச் செய்யவேண்டும். மனைவி, மகன், மகள் என்று கொடுத்தபோது உடனே விடை வந்தது. எங்கள் குடும்பத்தைக் கொடுத்தேன். திரை அப்படியே நின்றது.

கணினி அறையில் மணி அடித்து, எல்லோரும் புத்தகப் பைகளைத் தூக்கும் வரை காத்திருந்தேன். இயந்திரம் மெதுவாக வேலை செய்கிறதா, இல்லை ஒருபோதும் முடிக்கப் போவதில்லையா? வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. "டீச்சர், ஒரு செய்நிரல் முடியுமா முடியாதா எண்டு முன்கூட்டியே சொல்ற இன்னொரு செய்நிரல் எழுத ஏலுமா?" என்று கேட்டேன். "அது சோதனைக்கு வராது மகள்" என்றார். அவரில் குறையில்லை. பாடத்திட்டம் முடியாமல் சோதனை நெருங்கிக்கொண்டிருந்தது. ஆனால் பின் வரிசையில் இரண்டு பேர் சிரித்ததில், பிறகு ஒரு கிழமை நான் எதுவும் கேட்கவில்லை.

நிலாவெளி, கோணேசபுரியில் உள்ள திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்கும் மாமியின் மகளிடம்தான் கடைசியில் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. 1936இல், மின்னணுக் கணினி ஒன்றுமே பிறக்காத காலத்தில், 23 வயதான அலன் டூரிங் என்ற ஆங்கிலேயர் இப்படியான கேள்வியைத்தான் எடுத்தாராம். எல்லாச் செய்நிரல்களுக்கும் பொருந்தும் அப்படியொரு வழி இருக்கவே முடியாது என்பது அவருடைய வேலையிலிருந்து நிறுவப்பட்டது. அக்கா அதை ஒரு கடதாசித் துண்டில் காட்டினார். எந்தச் செய்நிரலைக் கொடுத்தாலும் "நிற்கும்" அல்லது "நிற்காது" என்று பிழையின்றிச் சொல்லும் ஒரு சோதிடன் இருப்பதாக வைத்துக்கொள். அந்தச் சோதிடனையே உள்ளே வைத்து ஒரு குறும்புச் செய்நிரல் எழுது. அது தன்னைப் பற்றியே சோதிடனிடம் கேட்கும். "நிற்பாய்" என்றால் முடிவில்லாமல் ஓடும். "நிற்கமாட்டாய்" என்றால் உடனே நிற்கும். சோதிடன் எதைச் சொன்னாலும் பொய். ஆகவே அப்படிப்பட்ட சோதிடன் இல்லை. இவ்வளவுதான். அன்றிரவு பாயில் படுத்து இதை மூன்று தடவை மனதுக்குள் செய்து பார்த்தேன். மூன்று தடவையும் ஓட்டை அகப்படவில்லை.

"அதுக்காக உண்ட செய்நிரல் ஏன் நிக்கல்ல எண்டு கண்டுபிடிக்க ஏலாது எண்டில்ல" என்றும் அக்கா சொன்னார். பொதுவான வழிதான் இல்லை; தனியொன்றை உட்கார்ந்து யோசித்தால் பல நேரம் தெரிந்துவிடும். ஒவ்வொரு சுற்றிலும் மீதியை அச்சிடச் சொன்னேன். திரை முழுக்க -4, -4, -4. பன்னிரண்டும் பதினாறும் இருபத்தெட்டு. இருப்பதோ இருபத்து நான்கு. மீதி பூச்சியத்தைத் தாண்டிக் கீழே போய்விட்டது. பட்டியலில் வேறு யாரும் இல்லை. இனி எதுவும் மாறப்போவதுமில்லை.

இதை வீட்டில் சொல்லப் பயமாக இருந்தது. பங்குகள் கூடிவிட்டன என்று சொல்வது எதைச் சொல்வதுபோல் ஆகிவிடுமோ என்ற பயம். வாப்பாதான் கடதாசியை வாங்கிப் பார்த்து, ஜும்ஆவுக்குப் பிறகு மௌலவியிடம் கூட்டிச் சென்றார்.

மௌலவி கணக்கைப் பார்த்ததும், "இது புதுசில்ல மகள், இதுக்குப் பேர் அவ்ல்" என்றார். கலீபா உமர் (ரலி) அவர்களின் காலத்திலேயே பங்குகள் இப்படிக் கூடிவந்ததாம். ஸஹாபாக்களுடன் ஆலோசித்து, யாருடைய பங்கையும் தள்ளாமல் எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் குறைப்பதென்று முடிவெடுத்தார்கள். ஆறில் மூன்றும் ஆறில் நான்கும் சேர்ந்தால் ஏழு. எனவே சொத்தை ஏழாகவே பிரி. கணவருக்கு மூன்று, சகோதரிகளுக்கு இரண்டிரண்டு. இலங்கையில் 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டமும் இறந்தவர் சார்ந்த பிரிவின் மார்க்கச் சட்டப்படியே பங்கிடச் சொல்கிறது என்றார். 35 பேர்ச்சில் சாச்சாவுக்கு 15, உம்மாவுக்கு 10, பெரியம்மாவுக்கு 10.

அல்கோரிதம் என்ற சொல் அல்-குவாரிஸ்மியின் பெயரிலிருந்து வந்தது என்பது எல்லோரும் மனப்பாடம் செய்யும் ஒரு வரி. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் அவர் எழுதிய அல்ஜப்ர் நூலின் பெரும்பகுதி வஸிய்யத்துக்கும் வாரிசுப் பங்குக்குமான கணக்குகள் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். அவருக்கு முன்னாலும் காணியும் கண்ணீருமாக யாராவது உட்கார்ந்திருந்திருப்பார்கள்.

சாச்சா அடுத்த வெள்ளி வந்தார். உம்மா பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார். கணக்கை நான்தான் விளக்கினேன். வாப்பா பக்கத்தில் இருந்தார். சாச்சா கடதாசியை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "இந்தப் புள்ள என்ன படிக்கிது?" என்று கேட்டார். "கணினி" என்று வாப்பா சொன்னார். முன்பெல்லாம் யாராவது கேட்டால், "டீச்சிங்குக்குத்தான் போகும்" என்பார்.

செய்நிரலைத் திருத்திவிட்டேன். மீதி பூச்சியத்துக்குக் கீழே போனால் இப்போது பகுதியைக் கூட்டிக்கொள்ளும். மௌலவியிடம் பெருமையாகக் காட்டினேன். அவர் ஒரு தாயையும் ஒரு மகளையும் மட்டும் வாரிசாகக் கொடுக்கச் சொன்னார். நான்கும் பன்னிரண்டும் பதினாறு. மீதி எட்டு, அதை எடுக்க ஆளில்லை. திரை மறுபடி நின்றுவிட்டது.