பழைய லைசென்ஸும் புது சர்வரும்

சொந்த ஊர் தென்காசிப் பக்கம். புனேவுக்கு வந்து பதினெட்டு வருஷம் ஆச்சு. பொட்டி தட்டுற பொழப்புதான். அதுல வாங்கின ஒரு குட்டு பத்தி இன்னைக்கு.

எஸ்க்யூஎல் சர்வர் 2012-க்கு 2022 ஜூலை 12-ஓட சப்போர்ட் முடியுதுன்னு, கிளையன்ட் ஒருத்தருக்கு 2019 போடுற வேலை. ஸ்டாண்டர்ட் எடிஷன். இதுல லைசென்ஸ் ரெண்டு வகை. கோர் எண்ணி வாங்கலாம். இல்லேன்னா சர்வருக்கு ஒண்ணு, அதைத் தொடுற ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு 'கேல்'னு வாங்கலாம். அவங்க ரெண்டாவது. கையில 2012 கேல் அறுபது இருந்துச்சு.

"அதே ஆளுங்கதானே, கேல் பழசே போதும். சர்வர் மட்டும் வாங்கினா சரி"ன்னு மெயில் போட்டது சாட்சாத் அடியேன்தான்.

சனிக்கிழமை ராத்திரி மாத்தினோம். திங்கள் காலையில எல்லாம் ஜோரா ஓடுச்சு. புதன்கிழமை வேற எதுக்கோ லைசென்ஸ் விதிகளைப் படிக்கும்போதுதான் வயித்தைக் கலக்குச்சு. கேல் எப்பவும் சர்வர் வெர்ஷனுக்குச் சமமாவோ அதைவிடப் புதுசாவோ இருக்கணும். 2019 கேலை வெச்சு 2012 சர்வரைத் தொடலாம், 2012 கேலை வெச்சு 2019-ஐத் தொடக்கூடாது. சாஃப்ட்வேர் அஷ்யூரன்ஸ் போட்டிருந்தா புது வெர்ஷன் உரிமை தானா வந்திருக்கும். அவங்க அதைப் போடலை.

சரி, பழைய 2012 சர்வர் அப்படியே இருக்கே, அதுக்கே திரும்பிடலாம்னு நினைச்சேன். லைசென்ஸ்படி தாராளமா போகலாம். ஆனா டேட்டா போகாதே! 2019-ல எடுத்த பேக்கப்பை 2012-ல ரீஸ்டோர் பண்ண முடியாது. கம்பாட்டிபிலிட்டி லெவலை 110-ன்னு வெச்சாலும் முடியாது. அது க்வெரி பழைய மாதிரி நடந்துக்கறதுக்குத்தான், உள்ள ஃபைல் புதுசு புதுசுதான். மூணு நாள் பில்லையும் டேபிள் டேபிளா அள்ளித்தான் கொட்டணும்.

இன்னொரு வழியும் இருந்துச்சு. வாயை மூடிட்டு இருக்கறது. எஸ்க்யூஎல் சர்வர் கேலை எண்ணிப் பாத்து யாரையும் தடுக்காது. ஆடிட்னு ஒண்ணு வர்ற வரைக்கும் யாருக்கும் தெரியாது. வந்தா மாட்டப்போறது கிளையன்ட், நான் இல்லை.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரலை. தங்கமணிகிட்ட சொன்னேன். "நாளைக்குக் காலையில முதல் வேலையா சொல்லிடுங்க. திட்டு ஒரு நாள்தான்"னாங்க. சொன்னேன். மேனேஜர் ஒரு மணி நேரம் வறுத்தெடுத்தார். அப்புறம் அவரே கிளையன்ட்கிட்ட பேசி, அறுபது புது கேலும் வாங்க வெச்சார். அந்த வருஷம் என் ரேட்டிங் என்னாச்சுன்னு கேக்காதீங்க :-)

அதிலேர்ந்து எந்த அப்கிரேடுக்கும் பேப்பர்ல மூணு கேள்வி எழுதிடுவேன். சர்வர் லைசென்ஸ் எந்த வெர்ஷன்? கேல் எந்த வெர்ஷன்? திரும்பணும்னா டேட்டா எப்படித் திரும்பும்?

போன வாரம் அம்மா போன்ல, "ஊரோட வந்துருய்யா, இங்க வீடு சும்மாதான கெடக்கு"ன்னாங்க. உரிமை இருக்கு. வீட்டுப் பத்திரத்துல என் பேர்தான். ஆனா பொண்ணு பள்ளிக்கூடம், தங்கமணி வேலை, இங்க சேர்ந்த சிநேகிதம்னு பதினெட்டு வருஷ டேட்டா இருக்கே. "பாக்கலாம்மா"ன்னு சொல்லி வெச்சேன்.

மூணாவது கேள்விக்கு இன்னும் பதில் எழுதலை.