தேய்மானக் கணக்கு

கார் ரேஸ் என்றால் ஆக்ஸிலரேட்டரை மிதித்துப் பிடிக்க வேண்டியது, அவ்வளவுதானே என்று நினைப்பவர்கள் நம்மில் நிறைய பேர். எங்கள் வீட்டம்மாவும் அந்தக் கட்சிதான். கம்ப்யூட்டர் ரேஸ் என்றால் கேட்கவே வேண்டாம், சின்னப்பசங்க சமாச்சாரம். நான் சொல்ல வந்தது வேறு. ஒரு மணி நேர ரேஸில் முக்கால்வாசி நேரம் நான் செய்வது கணக்கு. பகலில் பேங்கில் செய்வதைவிட இது கொஞ்சம் கஷ்டமான கணக்கு. பி.காம். படித்தவனுக்கு இப்படி ஒரு இடத்தில் அது உதவும் என்று கேஜிஎஃப்பில் எனக்குப் பாடம் எடுத்த அக்கவுண்டன்சி சாரே நம்பமாட்டார்.

ஆட்டக்காரர்கள் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நான் மெல்பர்னில். அக்கா பையன் கேஜிஎஃப்பில், ராபர்ட்சன்பேட்டையில். பெரியப்பா பேரன் பெங்களூரில். மீதி பேர் இவன்களுடைய சிநேகிதர்கள், துபாயில் இரண்டு பேர், சிங்கப்பூரில் நாலு பேர். சர்வரும் சிங்கப்பூரில்தான், யாருக்கும் ரொம்பத் தூரமாகாமல். ஞாயிற்றுக்கிழமை ஊரில் சாயங்காலம் ஐந்து மணி, இங்கே ராத்திரி ஒன்பதரை (கோடை நேரம் வந்தால் பத்தரை). ஓட்டுவது அசெட்டோ கோர்ஸா கொம்பெட்டிஸியோனி. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு லேப் போய்விடும்.

பெட்ரோலில் ஆரம்பிப்போம், அது சுலபம். பெல்ஜியத்தில் ஸ்பா என்று ஒரு டிராக், ஒரு சுற்று 7 கிலோமீட்டர். எங்கள் லெவலுக்கு ஒரு லேப் 2 நிமிடம் 19 வினாடி, அதாவது 139 வினாடி. ஒரு மணி நேரத்துக்கு 3600 வினாடி. வகுத்துப் பாருங்கள், 26 லேப்பில் ரேஸ் முடிகிறது. இப்போது ஒரே ஒரு வினாடி வேகமாக, 138ல் ஓட்டினால்? 26வது லேப் முடியும்போது கடிகாரத்தில் இன்னும் 12 வினாடி பாக்கி. கடிகாரம் முடியாததால் இன்னொரு லேப் போயே ஆக வேண்டும். மொத்தம் 27. லேப்புக்கு நாலு லிட்டர் என்று வைத்தால், ஒரு வினாடி வேகத்துக்கு நாலு லிட்டர் கூடுதல் செலவு. அது டேங்கில் இல்லை என்றால் கடைசி லேப்பில் காட்டு நடுவே வண்டி நின்றுவிடும்.

இதில் பெரிய வில்லங்கம் ஒன்று இருக்கு. எத்தனை லேப் என்பதை முதலில் போகிறவனுடைய கடிகாரம்தான் தீர்மானிக்கிறது. நீங்கள் 141ல் உருட்டிக்கொண்டு போனாலும், முன்னால் ஒருத்தன் 138ல் பறந்தால் உங்கள் செலவும் மாறிப்போகும். ஊரில் கல்யாணச் செலவு மாதிரி. நம் வருமானத்தைப் பார்த்தா செய்கிறோம்? பக்கத்து வீட்டுக்காரன் செய்ததைப் பார்த்துத்தானே!

சரி, எதற்கு வம்பு என்று டேங்கை ரொப்பிக்கொண்டால்? ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோ எடை. தேவைக்கு மேலே 20 லிட்டர் போட்டால் 15 கிலோ அரிசி மூட்டையை ஒரு மணி நேரம் சும்மா தூக்கிக்கொண்டு ஓடுகிறீர்கள். அதனால் நடைமுறை என்னவென்றால், வேண்டிய லேப், அதோடு ஒரு லேப் கையிருப்பு, அவ்வளவுதான். குறைகிற மாதிரி இருந்தால் நேர் பாதையின் முடிவில் பிரேக் பிடிப்பதற்குக் கொஞ்சம் முன்பே காலை எடுத்துவிட்டு வண்டியை அதன் வேகத்திலேயே உருளவிட வேண்டும். ஒரு தடவைக்கு சில சொட்டு மிச்சம். இருபது லேப்புக்கு அது லிட்டர் கணக்கில் சேரும்.

டயர் அப்படி இல்லை. இங்கேதான் என் பி.காம். விழித்துக்கொண்டது. பெட்ரோல் என்பது சரக்குக் கையிருப்பு, எடுத்தது போச்சு, மிச்சம் இருப்பது அப்படியே இருக்கும். டயர் என்பது சொத்து, அதற்குத் தேய்மானம். அதுவும் ஒவ்வொரு வருஷமும் ஒரே தொகை கழிக்கிற நல்ல பிள்ளைத் தேய்மானம் இல்லை. மூன்றாவது லேப்பில் வளைவில் வழுக்கவிட்டால் டயர் சூடாகும். சூடானால் உள்ளே காற்றழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறினால் ரோட்டைப் பிடிக்கிற பரப்பு குறையும். குறைந்தால் இன்னும் வழுக்கும். வழுக்கினால் இன்னும் சூடு. வட்டிக்கு வட்டி! இந்த ஆட்டத்தில் காய்ந்த ரோட்டு டயருக்கு ஓடும்போது 26லிருந்து 27 பிஎஸ்ஐக்குள் இருக்க வேண்டும். குளிர்ந்த டயரில் குறைவாக வைத்து, சூடேறி அந்த இடத்துக்கு வந்து உட்காருகிற மாதிரி கணக்குப் போட வேண்டும். வெளியே வெயில் ஒரு டிகிரி ஏறினால் அழுத்தம் 0.1 ஏறும். ரேஸ் நடுவில் மேகம் விலகினால் கணக்கே மாறிவிடும்.

அக்கா பையனுக்கு 21 வயசு. எங்கள் கூட்டத்திலேயே ஒரு லேப்புக்கு அவன்தான் வேகம், அதில் சந்தேகமே இல்லை. முதல் எட்டு லேப் அவன் பின்னால் தூசிதான் தெரியும். பத்தாவது லேப்பில் இயர்போனில் குரல் வரும். "இன்னா மாமா இது, வண்டி திரும்பவே மாட்டேங்குது." பதினைந்தாவது லேப்பில் நானே அவனைத் தாண்டிப் போய்விடுவேன். நான் தாண்டுகிறேன் என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள் :-)

டயர் என்றதும் எனக்கு 2005ஆம் வருஷம்தான் ஞாபகம் வரும். கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா 1ல் நுழைந்த வருஷம். முதல் ரேஸே இந்த மெல்பர்னில்தான், மார்ச் 6. ஜோர்டான் அணி, கடைசி வரிசை வண்டி, 15வதாக வந்தார். அந்த வருஷம் ஒரு வினோதமான விதி. தகுதிச் சுற்றுக்கும் ரேஸுக்கும் சேர்த்து ஒரே செட் டயர். நடுவில் பெட்ரோல் போட்டுக்கொள்ளலாம், டயரைச் சும்மா மாற்றக் கூடாது.

மே 29, ஜெர்மனியில் நூர்பர்க்ரிங். முன்னணியில் ராய்க்கோனன். பிரேக்கில் சக்கரத்தைப் பூட்டி, முன் வலது டயரில் ஒரு பக்கம் சப்பையாகத் தேய்ந்துவிட்டது. வண்டி அதிர ஆரம்பித்தது. மாற்றலாமா, முடிவு வரை தாங்குமா? தாங்கும் என்று ஓட்டினார்கள். கடைசி லேப் ஆரம்பத்தில் சஸ்பென்ஷன் முறிந்து சக்கரம் தொங்கியது. அலோன்சோ ஜெயித்தார்.

மூன்று வாரம் கழித்து அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ். வெள்ளிக்கிழமை பயிற்சியில் 13வது வளைவில், அந்தச் சாய்தளத்தில், ரால்ஃப் ஷூமாக்கரின் டொயோட்டா டயர் போய் சுவரில் மோதியது. மிஷெலின் கம்பெனி, அந்த வளைவில் வேகத்தைக் குறைக்க வழி செய்யாவிட்டால் எங்கள் டயர் முழு ரேஸுக்குத் தாங்கும் என்று உத்தரவாதம் தர முடியாது என்றது. டிராக்கை மாற்ற முடியாது என்றது எஃப்ஐஏ. ஜூன் 19, ஞாயிறு. சூடேற்றும் சுற்று முடிந்ததும் மிஷெலின் மாட்டிய 14 கார்களும் வரிசையாக உள்ளே திரும்பிவிட்டன. மிச்சம் பிரிட்ஜ்ஸ்டோன் மாட்டிய ஆறு கார். கூட்டம் பாட்டிலை விட்டெறிந்தது. அந்த ஆறில் ஒருவர் நம்ம நரேன். 72 லேப் ஓடி நாலாவது இடம், 5 பாயிண்ட். ஃபார்முலா 1ல் இந்தியர் ஒருவர் வாங்கிய முதல் பாயிண்ட் அதுதான். ஆறு கார் ஓடின ரேஸில் நாலாவதா என்று சிரித்தவர்கள் உண்டு. எனக்கு அதில் சிரிப்பு வந்ததில்லை. மற்ற 14 பேரிடமும் நரேனைவிட வேகமான வண்டி இருந்தது. கடைசி வரை தாங்குகிற டயர்தான் இல்லை.

தாங்குமா, தாங்காதா என்கிற இந்தக் கேள்வியோடு முப்பது வருஷம் சம்பளம் வாங்கியவர் எங்கள் அப்பா. சுரங்கத்தில் ஆளையும் கல்லையும் ஏற்றி இறக்குகிற கேஜைத் தாங்கும் இரும்புக் கயிறுதான் அவருடைய டிபார்ட்மெண்ட். சாம்பியன் ரீஃப் பக்கம் ஆழம் 3 கிலோமீட்டருக்கும் மேலே போயிருந்தது, வெவ்வேறு ஷாஃப்டில் மாறி மாறி இறங்க வேண்டும். கயிற்றைத் தினமும் பார்ப்பார்கள். வெளிக்கம்பி எவ்வளவு தேய்ந்திருக்கிறது, எத்தனை இழை அறுந்திருக்கிறது, கிரீஸ் உள்ளே இறங்கியிருக்கிறதா. சில மாதத்துக்கு ஒரு தடவை நுனியை வெட்டி எடுத்துவிட்டு மறுபடி பொருத்துவார்கள். பார்க்க நன்றாகவே இருக்கும் கயிற்றை ஆயுள் முடிந்தது என்று கழற்றிப் போடுவார்கள். சின்ன வயசில் நான் கேட்டிருக்கிறேன், "இன்னும் நல்லாத்தானேப்பா இருக்கு?" அவர் சொல்வார், "அறுந்தப்புறம் மாத்தறதுக்கு நான் எதுக்குடா?"

2001 பிப்ரவரி 28ஆம் தேதி பாரத் கோல்ட் மைன்ஸ் மூடியது. சங்கு நின்றுபோனது. கையில் வந்த தொகையில் அப்பா ஒரு பகுதியை எஃப்.டி.யில் போட்டு, வட்டியில் மட்டும் வீட்டை ஓட்டினார். குடத்துக்குக் குடம் தண்ணீரை எண்ணிச் செலவு செய்கிற ஊர் அது, பணத்தை எண்ணுவதா கஷ்டம்? 2014ல் அவர் போகும்போது அசல் அப்படியே இருந்தது. அக்கா பெயருக்கு மாற்றினோம். அத்தான் தவறிய பிறகு அவளுக்கு இருப்பது அதுவும், பையன் சம்பளமும்தான்.

பையன் விடிவதற்கு முன்னால் எழுந்து ரயிலைப் பிடித்து பெங்களூர் போய் ராத்திரி திரும்புகிறவன். ஊரில் பாதிப் பேர் இப்படித்தான். போன மாதம் அக்கா போன் செய்தாள். "வேலைய விடறேங்கறான்டா. இருங்காட்டுக்கோட்டையில நெசமாவே கார் ஓட்டப்போறானாம். ஒரு சீசன். மார்ச்சுல அப்பா டெபாசிட் முடியுது இல்ல, அத உடைச்சுக் குடுங்கறான். நீ ஒரு வார்த்த சொல்லேன். பேங்க்காரன் சொன்னா கேப்பான்."

நான் எதுவும் சொல்லவில்லை. 21 வயசில் ஒருத்தனுக்கு மாமா சொல்லிப் புரிந்ததாக சரித்திரம் கிடையாது. அவன் என்ன சொல்வான் என்பதும் தெரியும். ஜான் மார்டன்பரோ. 2011ல் கிரான் டூரிஸ்மோ அகாடமிப் போட்டியில் ஜெயித்து, வீடியோ கேமிலிருந்து நேராக நிஜக் காருக்குப் போய், 2013ல் லு மான் 24 மணி நேர ரேஸில் தன் பிரிவில் மூன்றாவதாக வந்த இங்கிலாந்துப் பையன். 2023ல் சினிமாவே எடுத்துவிட்டார்கள். கதை உண்மைதான். ஆனால் அங்கே செலவு செய்தது நிஸ்ஸானும் சோனியும். அந்த அகாடமியும் 2016ஓடு நின்றுவிட்டது. சினிமா பார்க்கிறவனுக்கு யார் பில் கட்டினார்கள் என்று தெரியாது, நமக்கு அதைத் தவிர வேறு எதுவும் தெரியாது. என்ன செய்வது, தொழில் புத்தி.

இரண்டு வாரம் முன்னால் ஸ்பா. ரேஸுக்கு முன்னால் பையன் கேட்டான், "மாமா, 26 லேப்பா 27ஆ?" இதுவரை அவன் கேட்டதில்லை. "சிங்கப்பூர் பையன் என்ன வேகம்னு பாரு" என்றேன். 27க்குப் போட்டான். ஆரம்பத்தில் ஐந்தாவது இடத்தில் பேசாமல் போய்க்கொண்டிருந்தான். பின்னால் ஏழாவதாக வந்த எனக்கு அவன் வண்டி தெரியும். வளைவில் பின்பக்கம் அலையவே இல்லை. இருபதாவது லேப்பில் முன்னால் இருந்தவர்கள் வழுக்க ஆரம்பித்தார்கள். ஒருத்தனை மேட்டில் தாண்டினான், இன்னொருத்தனைக் கடைசி வளைவில். மூன்றாவதாக வந்தான். டேங்கில் மிச்சம் மூன்றரை லிட்டர்.

எல்லாரும் போன பிறகும் அவன் லைனில் இருந்தான்.

"அம்மா உங்ககிட்ட சொன்னாங்களா மாமா?"

"சொன்னா."

"நீங்க ஒண்ணுமே கேக்கலியே."

"கணக்க எழுதி அனுப்பு, பாக்கறேன்."

மறுநாளே ஒரு எக்ஸெல் ஷீட் வந்தது. ஒழுங்காகவே போட்டிருந்தான். நுழைவுக் கட்டணம், லைசென்ஸ், ஹெல்மெட், உடுப்பு, சென்னை போய்வர, தங்க, வண்டி இடித்தால் ரிப்பேர். நிஜ டயருக்கு ஒரு வரி, அதுதான் பட்டியலிலேயே பெரிய தொகைகளில் ஒன்று. டெபாசிட் கடைசி ரேஸ் வரை சரியாகத் தாங்குகிறது, கடைசியில் சில ஆயிரம் மிச்சம்கூட. நான் எந்த எண்ணையும் மாற்றவில்லை. கீழே ஒரு வரி மட்டும் சேர்த்தேன், 'சீசன் முடிந்த அடுத்த மாதம்' என்று. வரவு, செலவு இரண்டு கட்டத்தையும் காலியாக விட்டுத் திருப்பி அனுப்பினேன்.

இன்னும் பதில் இல்லை. ஆனால் ஷீட்டைத் தினமும் திறக்கிறான், கடைசியாகத் திருத்திய நேரம் எனக்குத் தெரிகிறது. நேற்று விடிகாலை 4.50, ரயிலுக்கு முன்னால். அக்கா இரண்டு தடவை கேட்டுவிட்டாள். கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று சொல்லியிருக்கிறேன். மார்ச்சுக்கு நாள் இருக்கு.

வரும் ஞாயிறு தென்னாப்பிரிக்கா, கயாலாமி டிராக். மழை என்று போட்டிருக்கிறார்கள். ஈர டயருக்கு அழுத்தம் 30 பக்கம் வேண்டும், ரோடு காய்ந்தால் ஐந்தே லேப்பில் அது வெந்துபோகும். எப்போது மாற்றுவது என்று இன்றைக்கே உட்கார்ந்து பார்க்க வேண்டும்.