கரை சேர்க்கும் பாலம்

எம் சிற்றூர் வாய்க்காலின் குறுக்கே, யாம் பள்ளிக்கு நடந்து சென்ற நாளில், இரு பனங்கட்டைகளே பாலமாய்க் கிடந்தன. உளுத்தபின் அவை அடுப்புக்கு விறகாயின. நீரில் எச்சம் ஏதும் தங்கவில்லை. பின்னர் எழுந்த கான்கிரீட் நடைபாலம் கம்பி துருவேறிச் சரிந்தது. அதன் இடிபாடு நீரோட்டத்தை மறித்துக் கடைமடை வயல்களை வாட்டியது. வலிமை ஒன்றே பாலத்திற்குப் போதாதென்பதை அன்று உணர்ந்தோம்.

இக்குறைக்கு விடை தேடியோர் பிற நாட்டிலும் உளர். நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வளாகத்தில், 2016 ஆம் ஆண்டில், டொம்மல் ஆற்றின்மீது 14 மீட்டர் நீள நடைபாலம் அமைந்தது. ஆளி முதலிய செடிகளின் நாரையும் பிசினையும் இணைத்து அதனை உருவாக்கினர். மாணவரும் அப்பணியில் கைகொடுத்தனர். இழுவிசையை நார் தாங்கும். நாரைப் பிசின் பிணைக்கும்.

ஆயினும், இறுகிய பிசினிலிருந்து நாரைப் பிரித்தல் எளிதன்று. ஆகவே கட்டும் முறையோடு கழற்றும் முறையையும் முன்னரே வரைதல் வேண்டும். எஃகையும் மரத்தையும் நார்ப்பலகையையும் ஒட்டாது மரையாணியால் பூட்டினால், அவற்றைத் தனித்தனியே கழற்றி மீண்டும் பயன்கொள்ளலாம்.

எம் ஊர்ப் பெரியோர் புதுப் பாலம் அமைக்க எண்ணும் இவ்வேளையில் யாம் வேண்டுவது ஒன்றே: அப்பாலம் நம் பிள்ளைகளைக் கரை சேர்க்கட்டும், காலம் முடிந்தபின் நீருக்கு வழிவிட்டு விலகட்டும்.