ராஜா வீட்டம்மா பேர் என்ன?

இங்கிலாந்து ராஜாக்கள்ல 'மகா' பட்டம் வாங்கின ஆல்ஃபிரட்டைக் கேள்விப்பட்டிருப்பீங்க. அவர் மனைவி பேர் தெரியுமா? தெரியலைன்னா வெட்கப்படாதீங்க. அவர் உயிரோட இருந்தப்பவே, 893-ல், ஆஸர் என்ற துறவி அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். மொழிபெயர்ப்பை வச்சுக்கிட்டு தேடித் தேடிப் பார்த்தேன். ம்ஹூம்... அந்தம்மா பேர் ஒரு இடத்துலகூட இல்லை!

ஆனா, பொறந்த வீட்டு விவரம் மட்டும் பக்கா. கல்யாணம் 868-ல். அப்பா எதெல்ரெட், பட்டப்பேர் மூசில், கைனி மக்களின் தலைவர். அம்மா எட்பர், மெர்சியா நாட்டு ராஜ வம்சம். அந்த அம்மாவை அடிக்கடி நேர்லயே பார்த்திருக்கேன், ரொம்ப கண்ணியமானவங்கன்னு ஆஸர் உருகுறார். ராஜாவோட மாமியாருக்குப் பேர் உண்டு, பொண்டாட்டிக்குக் கிடையாது. என்ன கணக்கு பாஸ் இது?

அந்த நாட்டு வழக்கத்தையும் அவரே சொல்றார். ஆல்ஃபிரட்டின் வெஸ்ஸெக்ஸில் ராஜா மனைவி அவர் பக்கத்துல சிம்மாசனத்தில் உட்காரக் கூடாது. 'ராணி'ன்னு கூப்பிடவும் கூடாது. வெறும் 'ராஜாவின் மனைவி'தான். ஏன்னா, முன்னாடி அங்கே வாழ வந்த இன்னொரு எட்பர் (மாமியார் இல்லீங்க, இவங்க வேற!) யாருக்கோ வச்ச விஷத்தைப் புருஷனும் குடிச்சு, 802-ல் செத்துப் போனாராம். ஒருத்தி செஞ்சதுக்குப் பின்னாடி வந்த மருமகள்களுக்கெல்லாம் தண்டனை! அந்த எட்பரும் மெர்சியா பொண்ணு, நம்ம அம்மணியும் மெர்சியா பொண்ணு. அரண்மனையில் எத்தனை ஜாடைப் பேச்சு கேட்டிருப்பாங்களோ!

பேரைக் காப்பாத்திக் கொடுத்தது புருஷனோட உயில். அதுல இருக்கு: ஈல்ஸ்வித். லாம்போர்ன், வான்டேஜ், எடிங்டன்னு மூணு இடம் எழுதி வச்சிருக்கார். வான்டேஜ் அவர் பொறந்த ஊர். எடிங்டன், 878-ல் அவர் வைகிங்குகளை ஓட ஓட விரட்டின ஊர். ஏதோ கணக்குக்குக் கொடுத்த நிலம்னு எனக்குத் தோணலை.

902-ல் ஈல்ஸ்வித் மறைஞ்சாங்க. மூத்த பொண்ணு எதெல்ஃப்ளெட், புருஷன் போன பிறகு 911-லிருந்து 918 வரை அம்மா பிறந்த மெர்சியாவைத் தனியாளா ஆண்டாங்க. படையோட போய் டெர்பி கோட்டையைப் பிடிச்சது அவங்கதான்.

இன்னொரு பொண்ணு ஆல்ஃப்த்ரித், கடல் தாண்டி ஃபிளாண்டர்ஸுக்கு வாக்கப்பட்டுப் போனாங்க. அந்த வம்சத்துல வந்த மெடில்டாவைத்தான் பின்னாடி இங்கிலாந்தை ஜெயிச்ச வில்லியம் கட்டினார். 1068-ல் வெஸ்ட்மின்ஸ்டரில் மெடில்டா தலையில் கிரீடம் வச்சு, 'ராணி'ன்னு அறிவிச்சாங்க. ஈல்ஸ்வித் கல்யாணம் நடந்து சரியா 200 வருஷம்!