டென்னிஸ் கோர்ட்டில் ஒரு போர்

கல்லூரிப் பசங்களோடு நாகாலாந்தின் கோஹிமா, மணிப்பூரின் மொய்ராங் போய்வந்தோம். கோஹிமா போர்க் கல்லறையில் எல்லோரும் முதலில் தேடியது டென்னிஸ் கோர்ட்டைத்தான். 1944 ஏப்ரலில் துணை ஆணையர் பங்களாவின் அந்தக் கோர்ட்டுக்கு ஒரு பக்கம் ஜப்பானியர், மறுபக்கம் பிரிட்டிஷ் இந்தியப் படை. நடுவே பறந்தவை கையெறி குண்டுகள். பங்களா அப்போதே தரைமட்டம். ஆட்டக் கோடுகளை மட்டும் வெள்ளைக் கான்கிரீட்டில் பதித்திருக்கிறார்கள். கோட்டோரமாக நடந்து பார்த்த ஒரு மாணவி, "எங்க ஹாஸ்டல் வராண்டா இதைவிட நீளம் சார்" என்றாள்.

1,400-க்கும் மேற்பட்ட கல்லறைகள். வயதைப் படித்தால் நிறையப் பேர் இந்தப் பசங்க செட்டுதான். மேலே, தகனம் செய்யப்பட்ட இந்து, சீக்கிய வீரர்கள் 917 பேருக்குத் தனி நினைவுச்சின்னம். பலர் நிற்காமல் கடந்துவிடுகிற இடம். நான் பசங்களை அங்கேதான் அதிக நேரம் நிறுத்தினேன்.

விவாதம் வெடித்தது மொய்ராங்கில். இந்திய தேசிய இராணுவம் 1944 ஏப்ரல் 14-இல் கொடியேற்றிய ஊர். மலாயாத் தோட்டத் தமிழர் பலர் சேர்ந்த படை, ஜப்பானியரோடு வந்தது.

"அப்போ நம்ம ஆளுங்க எந்தப் பக்கம் சார்?"

ரெண்டு பக்கமும்தான்ப்பா. போரில் கிராமத்தையே இழந்த நாகர்களைப் பற்றி யாரும் கேட்கவே இல்லை, நான்தான் இழுத்தேன்.

வருஷா வருஷம் கொடைக்கானலுக்கே பஸ் பிடிக்கும் ஆசிரியர்களே, ஒருமுறை இந்தப் பக்கம் வாருங்கள். இரு மாநிலத்துக்கும் இன்னர் லைன் பெர்மிட் வேண்டும். மணிப்பூர் நிலவரத்தை விசாரித்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.