கட்டாக்காலிகளும் எங்கட கையும்

எங்கட பக்கம் 'கட்டாக்காலி' என்றொரு சொல் இருக்கிறது. கட்டாத காலி. காலி என்றால் மாடு. மாட்டுக்குச் சொன்னது பிறகு நாய்க்கும் வந்தது. இப்ப டிகிரி முடிச்சு வேலையில்லாம சந்தியில நிக்கிற பொடியனுக்கும் சொல்றாங்க. கலைப்பீடத்தில படிக்கிற எனக்கு இந்தச் சொல்லோட கொஞ்சம் சொந்தமும் இருக்கு.

விசயம் நாயைப் பற்றியது. எங்கட ஹொஸ்டல் படிக்கட்டுக்குக் கீழ ஒரு பெட்டை நாய் ஐந்து குட்டி போட்டது. நாலு மாசத்தில மிஞ்சினது ஒண்டு. ரெண்டு வீதியில அடிபட்டுச் செத்தது. ஒண்டை ஆரோ பையில போட்டு எங்கயோ கொண்டுபோய் விட்டிட்டாங்க. ஒண்டு வருத்தத்தில போச்சு. மிஞ்சின குட்டியும் தாயும் அங்கே இருக்கலாமா கூடாதா என்பதில் ஹொஸ்டலில் இப்போது ரெண்டு கட்சி. ஒரு கட்சி மாரி பிஸ்கட் போடும். மற்றக் கட்சி, "கடிச்சா ஆர் பொறுப்பு?" என்று கேட்டு, பிடித்துக்கொண்டு போகச் சொல்லும். ரெண்டு பக்கமும் எனக்குக் கூட்டாளிமார் இருக்கினம். அதனால்தான் இதைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன்.

நாய்களின் நடத்தை பற்றிய ஆய்வுகளில் நிறைய, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வீட்டு நாய்களை வைத்துச் செய்யப்பட்டவை. ஆனால் உலகத்து நாய்களில் பெரும்பாலானவை எங்கட வீதி நாய்கள் மாதிரி, ஒருத்தருக்கும் சொந்தமில்லாமலோ பாதி சொந்தமாகவோ வாழ்கிறவை. அவற்றைத் தேடிப்போய்ப் படித்தவர்களில் முக்கியமானவர் கொல்கத்தாவில் உள்ள இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தின் அனிந்திதா பத்ரா. அவருடைய குழுவுக்கு வீதிதான் ஆய்வுகூடம்.

2020இல் வெளியான அவர்களின் ஒரு ஆய்வு இது. மூடிய கிண்ணங்கள் இரண்டு. ஒன்றில் பச்சைக் கோழி இறைச்சி, மற்றதில் வாசம் மட்டும். முன்பின் தெரியாத ஒருவர் தூரத்தில் நின்று ஒரு கிண்ணத்தை விரலால் காட்டுவார். இப்படி 160 நாய்களிடம் செய்து பார்த்தார்கள். ஏறக்குறைய பாதி நாய்கள் கிண்ணத்துக்குக் கிட்டவே வரவில்லை. அவை பயந்த நாய்கள். மனிதரிடம் முன்பு பட்டிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கிட்ட வந்தவற்றில் ஏறக்குறைய 80 வீதம் விரல் காட்டிய கிண்ணத்துக்கே போயின. பழக்கியவர் ஒருத்தருமில்லை. எங்களைப் பார்த்துப் பார்த்தே படித்திருக்கின்றன.

கொக்கட்டிச்சோலையில் இருக்கிற எங்கட பெத்தாவுக்கு இதைச் சொன்னேன். "இதப் பாக்கவா புள்ள கம்பஸ் போன? குனிஞ்சாலே நாய் ஓடுது. நிலத்தில கல்லு கிடக்கா எண்டு அது பாக்கிறல்ல, நம்மட கையத்தான் பாக்குது" என்றா. உண்மைதான். வாவிக்கரையில் தோணி வந்து வலை உதறும்போது பாருங்கள். பொடி மீன் எறிகிறவர் ஆர், காலால் உதைக்கிறவர் ஆர் என்று நாய்களுக்கு அத்துப்படி. அதற்கேற்ற தூரத்தில்தான் உட்காரும்.

நாங்கள் அவற்றை இவ்வளவு கவனமாகப் படிக்கிறோமா? வீட்டு நாய் கருவாட்டைத் தின்றுவிட்டு ஒரு முழி முழிக்கும். "களவெடுத்த முழியப் பாரு" என்போம். அமெரிக்காவில் அலெக்ஸாண்ட்ரா ஹொரோவிட்ஸ் 2009இல் இதைச் சோதித்தார். நாய் உண்மையில் தின்றதா இல்லையா என்பதற்கும் அந்த முழிக்கும் தொடர்பில்லை. ஏச்சு விழுந்தால் முழி வரும். ஒன்றுமே செய்யாத நாய் ஏச்சு வாங்கும்போது அது இன்னும் கூடத் தெரிந்தது. குற்றவுணர்ச்சி என்று நாம் வாசித்தது எங்கட கோபத்துக்கு அது காட்டின பதில்.

கொல்கத்தா குழுவின் இன்னொரு கணக்கு என்னை நிப்பாட்டி வைத்தது. 95 ஈற்றுக் குட்டிகளை, மொத்தம் 364 குட்டிகளை, அவர்கள் பின்தொடர்ந்தார்கள். இனப்பெருக்க வயது வரை பிழைத்தவை 19 வீதம். இறந்தவற்றில் 63 வீதம் மனிதரால். எங்கட படிக்கட்டுக் கணக்கும் அதுதான்: ஐந்தில் ஒன்று.

ஆனாலும் பயப்படுகிற கட்சியைப் பகிடி பண்ண நான் தயாரில்லை. இலங்கையில் 1973ஆம் ஆண்டு மட்டும் விசர்நாய்க்கடி நோயால் 377 பேர் இறந்தார்கள். அறிகுறி தொடங்கிவிட்டால் காப்பாற்றுவது கிட்டத்தட்ட முடியாத காரியம். இப்போது வருடத்துக்குச் சில பத்துப் பேர் என்ற அளவுக்கு அது குறைந்திருக்கிறது. இந்த மாற்றத்தில் தடுப்பூசிக்குப் பெரிய பங்கு. வீதி நாய்களைக் கொல்வதை அரசு 2006இல் நிறுத்தியது. கொன்றால் ஊசி போட்ட நாயும் சேர்ந்து போகும், காலியான இடத்துக்கு ஊசி போடாத புது நாய் வரும். ஒரு இடத்து நாய்களில் குறைந்தது 70 வீதத்துக்கு ஊசி போட்டால் நோய் பரவுவது நிற்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அந்த 70க்கு எப்படிப் போவது? வீட்டு நாயைப் பிடித்துக் கொடுக்க ஆள் இருக்கு. கட்டாக்காலியை ஆர் பிடிக்கிறது? இங்கேதான் 2017இல் வந்த கொல்கத்தா ஆய்வு உதவுகிறது. தெரியாத ஒருவர் திரும்பத் திரும்ப வந்து பழகும்போது, சாப்பாடு கொடுத்தவரைவிடத் தடவிக் கொடுத்தவரை வீதி நாய்கள் கூட நம்பின. பிஸ்கட்டை எறிந்துவிட்டுப் போகிற ஆளிடம் நாய் பிஸ்கட்டுக்குத்தான் வரும். தொட்டுப் பழகின ஆளிடம்தான் கழுத்தைக் கொடுத்து ஊசிக்கு நிற்கும்.

ஆக, நாய்க்குப் பயந்தவளின் பாதுகாப்பு, நாயோடு பழகுகிறவளின் கையில் இருக்கிறது. ரெண்டு கட்சிக்கும் இதைத்தான் சொன்னேன். தெரியாத நாயைப் போய்த் தொடச் சொல்லவில்லை; அதுவாக வரட்டும். கடித்தால், கீறினால் சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிசம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பயந்த கட்சியிலிருந்து ஒருத்தி, ஊசி போடுகிற நாளை சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் விசாரிக்கிறேன் என்று எழும்பினாள். தாயைப் பிடிக்க ரெண்டு பேர் இருக்கினம். குட்டி இன்னும் ஒருத்தரிட்டயும் வாறதில்லை. கிண்ணத்துக்குக் கிட்ட வராத அந்தப் பாதியில் அது ஒன்று. அதுக்கு முன்னால குனியாம, பேசாம, கொஞ்ச நேரம் நிலத்தில இருக்கப் பழகிறம். ஊசிக்கு முதல் அது வரவேணும்.